கொடுத்தால் வாழும் கொடி



உங்கள் வீட்டு முற்றத்தில் குண்டுமல்லிச் செடி ஒன்று இருக்குமானால், அதன் விதையை என்றேனும் கண்டதுண்டா என்று வீட்டிலுள்ள பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். நாற்பது ஆண்டுகள் அந்தச் செடியோடு வாழ்ந்தவர்கள்கூட "இல்லை" என்றுதான் சொல்வார்கள். நம் பகுதியில் குண்டுமல்லி காய்த்து விதை தருவது மிக அரிது. இதழ்கள் அடுக்கடுக்காக அமைந்த அடுக்குமல்லியோ காய்ப்பதே இல்லை எனலாம். முல்லைக் கொடியில் சில வேளை சிறு கருநிறக் காய்கள் தோன்றினாலும், அவற்றை முளைக்க வைத்து வளர்ப்பவர் எவருமில்லை.

அப்படியானால் இத்தனை வீடுகளுக்கும் இந்தப் பூ எப்படி வந்து சேர்ந்தது? ஒரே வழிதான். ஒரு வீட்டில் ஒடித்த குச்சியை இன்னொரு வீட்டில் நட்டார்கள். அந்த வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குப் போயிற்று. விதையிலிருந்து வரும் செடி தாய்க்குப் பிறந்த பிள்ளை. குச்சியிலிருந்து வரும் செடியோ தாய்ச்செடியேதான், இடம் மாறி நிற்கிறது, அவ்வளவே. உங்கள் பாட்டி சூடிய பூவும் நீங்கள் இன்று சூடும் பூவும் அந்தக் கொடி கைமாறி வந்ததாயின் ஒரே கொடியின் பூக்கள். கொடுப்பவர் கை நின்றுபோனால் அந்தக் கொடியின் வாழ்வும் நின்றுபோகும். ஆகவேதான் மல்லிகைக் கொடியைப் பெருக்கும் முறையை இம்மாதம் சற்று விரிவாக எழுத எண்ணினேன்.

பெயர் அரபு, பிறப்பு நம் நிலம்

குண்டுமல்லியை ஆங்கிலேயர் 'அரபு மல்லிகை' என்று அழைப்பர். தாவர நூலார் அதற்கு வைத்த பெயரிலும் 'சம்பக்' என்னும் சொல் உண்டு. 'ஸன்பக்' என்னும் அரபுச் சொல்லின் திரிபு அது என்பர். ஆயினும் இது அரபு நாட்டில் பிறந்த செடியன்று. தெற்காசிய மண்ணுக்குரிய செடி. வணிகர்களோடும் பயணிகளோடும் கப்பலேறிப் போயிருக்கிறது. அரபுலகில் இன்று இதனை 'ஃபுல்' என்கிறார்கள். யமன் நாட்டிலும், சவூதியின் தென்மேற்கே உள்ள ஜாஸான் பகுதியிலும் திருமண வீடுகளில் ஃபுல் மாலைக்குத் தனி மதிப்பு உண்டு. கிழக்கே பிலிப்பைன்ஸ் நாட்டாருக்கு 1934ஆம் ஆண்டு முதல் இதுவே தேசிய மலர். இந்தோனேசியர் இதனை 'மெலாத்தி' என்று போற்றுகின்றனர். விதையில்லாத ஒரு செடி இத்தனை கடல்களைக் கடந்தது என்றால், வழி நெடுகிலும் யாரோ ஒருவர் ஈரத் துணியில் சுற்றியோ தொட்டியில் வைத்தோ அதைக் காத்துச் சென்றிருக்க வேண்டும்.

இத்தாலியில் இது பற்றி ஒரு கதை வழங்குகிறது. தஸ்கனி நாட்டை ஆண்ட மூன்றாம் கோசிமோ என்னும் கோமகனுக்கு 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் கோவாவிலிருந்து அடுக்குமல்லி ஒன்று போய்ச் சேர்ந்தது. இது தன் தோட்டத்தில் மட்டுமே இருக்க வேண்டும், ஒரு கிளைகூட வெளியே போகக் கூடாது என்று அவர் கட்டளையிட்டாராம். தோட்டக்காரன் ஒருவன் தான் மணக்கவிருந்த ஏழைப் பெண்ணுக்கு ஒரு பூங்கிளையை மறைவாகக் கொடுத்தான். அவள் அதை மண்ணில் ஊன்ற, அது துளிர்த்தது. பிறகு அதன் கன்றுகளை விற்றே இருவரும் பொருள் சேர்த்து மணம் முடித்தனர் என்று கதை முடிகிறது. எசமானரின் கட்டளையை மீறியது முறையா என்பது வேறு விவாதம். பூட்டி வைத்தவரின் பெயர் அந்தப் பூவுக்கு மேனாட்டில் இன்றும் வழங்குகிறது. ஆனால் பூவைப் பரப்பியது பூட்டைத் தாண்டிய ஒரு குச்சிதான்.

வெள்ளம் கற்றுத் தந்தது

நம் கரையாம்புத்தூர் இருப்பது தென்பெண்ணை ஆற்றுப் படுகையில். புதுச்சேரி எல்லையும் தமிழ்நாட்டு எல்லையும் பின்னிக் கிடக்கும் பாகூர் கொம்யூன் பகுதி. 2024 நவம்பர் 30ஆம் நாள் இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கும் மேல் மழை கொட்டியது. அடுத்து டிசம்பர் 2ஆம் நாள் சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு ஓர் இலட்சம் கன அடிக்கும் மேல் நீர் திறந்துவிடப்பட, பாகூர்ப் பகுதியின் ஆற்றங்கரை ஊர்கள் வெள்ளத்தில் சிக்கின. நெல்லும் கரும்பும் வாழையும் போன கணக்கை அரசு எடுத்தது. வீட்டுக் கொல்லையில் போன பூங்கொடிகளுக்குக் கணக்கெடுப்பார் யார்?

மல்லிகை இனம் வறட்சியைக்கூடப் பொறுத்துக்கொள்ளும். வேரில் தேங்கும் நீரைப் பொறுக்காது. மண்ணின் துளைகளில் காற்று இருந்த இடத்தை நீர் பிடித்துக்கொண்டால் வேர் மூச்சுத் திணறி அழுகும். எனக்குத் தெரிந்த ஒரு மூதாட்டியின் வீட்டில் ஐந்து நாள் நீர் தேங்கி, பல்லாண்டு வளர்ந்த முல்லைக் கொடி பட்டுப்போயிற்று. அவர் கேட்டவர்க்கெல்லாம் குச்சி ஒடித்துக் கொடுப்பவர். மாசி மாதத்தில் மேட்டுத் தெருவிலிருந்து ஒரு பெண் துளிர்விட்ட இரண்டு பைகளைக் கொண்டுவந்து திண்ணையில் வைத்து, "இது உங்க கொடிதான், நன்னிமா" என்றார். மற்றொரு வீட்டில் ஊரில் வேறு எங்குமில்லாத அடுக்குமல்லி ஒன்று இருந்தது. அவர்கள் கொடுக்க மறுத்தவர்கள் அல்லர். யாரும் கேட்கவில்லை, அவர்களுக்கும் குச்சி போட்டு வைக்கத் தோன்றவில்லை. அது போனது போனதுதான்.

கொடுத்தால் பூ குறையுமா?

குச்சி ஒடித்துக் கொடுத்தால் நம் கொடியில் பூ குறைந்துவிடும் என்று சிலர் தயங்குவதுண்டு. உண்மை இதற்கு நேர்மாறானது. மல்லிகை இனங்கள் புதிதாகத் துளிர்க்கும் கிளைகளில்தான் மொட்டு விடும். பழைய கிளைகளை வெட்டினால் பக்கத் துளிர்கள் மிகுதியாக வரும். துளிர் மிகுந்தால் பூ மிகும். இதற்காகவே பூ விவசாயிகள் ஆண்டுக்கொரு முறை கவாத்துச் செய்கிறார்கள். குண்டுமல்லிக்கு நவம்பர் இறுதியும், முல்லைக்கு ஜனவரி இறுதியும் உரிய காலம். தரையிலிருந்து ஒன்றரை அடி உயரம் விட்டு வெட்டுவர். வீட்டுப் பந்தலில் படர்ந்த கொடியை அத்தனை குறைக்க வேண்டியதில்லை. காய்ந்தவற்றையும் பூத்து ஓய்ந்தவற்றையும் நீக்கி, நுனிகளைக் குறைத்தாலே போதும். வெட்டி எறியும் அந்தக் குச்சிகளில் உயிருள்ளவை யாவும் நடுவதற்குரியவையே.

இதற்கு எதிர்த்திசையில் இன்னொரு நம்பிக்கையும் உலவுகிறது. 'திருடி நட்டால்தான் பிழைக்கும்' என்று விளையாட்டாகச் சொல்லிக்கொண்டு, அடுத்த வீட்டு மதிலுக்கு வெளியே தொங்கும் கிளையை ஒடித்துப் போவார்கள். பிறர் பொருள் சிறிதானாலும் பிறர் பொருளே. கேட்டால் மனமுவந்து கொடுக்கும் ஒன்றை ஏன் கேளாமல் எடுக்க வேண்டும்? அப்படி எடுத்தது பிழைப்பதற்கும் காரணம் திருட்டன்று என்பதே என் எண்ணம். அவசரமாக ஒடித்துக் காயவிடாமல் உடனே நட்டுவிடுகிறார்கள். அந்த விரைவே காரணம். கேட்டு வாங்கிய குச்சியையும் அதே விரைவில் நடுங்கள், அதுவும் பிழைக்கும்.

குச்சி தேர்வும் வெட்டும்

நம் கடலோரப் பகுதிக்கு ஆவணி, புரட்டாசி மாதங்கள் குச்சி நட ஏற்றவை. கோடை வெம்மை தணிந்திருக்கும். ஐப்பசி அடைமழைக்கு முன் வேர் இறங்கத் தொடங்கிவிடும். ஜனவரிக் கவாத்தில் கிடைக்கும் குச்சிகளைத் தை, மாசியில் நட்டு, சித்திரை வெயிலில் நிழல் தந்து காத்தால், ஆடி மழைக்கு நிலத்தில் நடலாம்.

குச்சியின் பக்குவம் முக்கியம். பச்சை மாறாத இளந்தண்டு நட்ட இரண்டே நாளில் வாடும். மரமாய் முற்றிய அடித்தண்டு வேர் விட நெடுநாள் எடுக்கும். இரண்டுக்கும் இடைப்பட்டதாய், தோல் பழுப்பேறத் தொடங்கி, வளைத்தால் வளைந்து கொடுக்கும் கிளையே சரி. பூச்சியோ நோயோ இல்லாத கொடியாகவும், நன்றாகப் பூக்கும் கொடியாகவும் பார்த்தெடுங்கள். குச்சி தாய்ச்செடியின் குணத்தை அப்படியே கொண்டுவரும். குறையையும் சேர்த்தே கொண்டுவரும்.

ஃபஜ்ருக்குப் பின், வெயில் ஏறுமுன் வெட்டுங்கள். அப்போது தண்டில் நீர்ச்சத்து நிறைந்திருக்கும். கூரிய கத்தியால் ஒரு சாண் நீளத்திற்கு, மூன்று நான்கு கணுக்கள் இருக்குமாறு வெட்டுங்கள். கீழ் வெட்டு கணுவுக்குச் சற்றுக் கீழே சாய்வாகவும், மேல் வெட்டு நேராகவும் இருக்கட்டும். இது அழகுக்காக அன்று. எது தலை, எது அடி என்று மறந்துவிடாமல் இருப்பதற்காக. கொடியின் நுனித் துளிர்களில் உண்டாகும் 'ஆக்சின்' என்னும் வளர்ச்சிப் பொருள் எப்போதும் அடியை நோக்கியே இறங்கும். அது வந்து சேரும் அடிக்கணுவைச் சுற்றித்தான் வேர் கிளம்பும். குச்சியைத் தலைகீழாக நட்டவர்கள் காத்திருப்பது வீண்.

அடி இலைகளை நீக்கிவிட்டு, மேலே ஓரிரண்டு இலைகளை மட்டும் விடுங்கள். இலை பெரிதானால் அதையும் பாதியாக நறுக்குங்கள். வேர் இல்லாத குச்சி நீர் உறிஞ்ச இயலாது. ஆனால் இலை நீரை வெளியேற்றிக்கொண்டே இருக்கும். வரவின்றிச் செலவு மட்டும் உள்ள வீட்டின் நிலைதான். இலை முழுவதையும் உருவிவிட்டாலோ உணவு ஆக்க வழியிராது. மொட்டு இருந்தால் தயங்காமல் கிள்ளிவிடுங்கள். வேருக்குப் போக வேண்டிய சத்தை அது வாங்கிக்கொள்ளும். உரக்கடையில் வேர் ஊக்கிப் பொடி கிடைத்தால் அடி வெட்டைத் தொட்டு நடலாம். கிடைக்காவிட்டாலும் மல்லிகை வேர் விடும்.

மண்ணும் நீரும் நிழலும்

பாலித்தீன் பையோ, அடியில் துளையிட்ட பால் உறையோ போதும். இரண்டு பங்கு ஆற்று மணல், ஒரு பங்கு செம்மண், ஒரு பங்கு நன்கு மட்கிய தொழு உரம் கலந்து நிரப்புங்கள். வேரில்லாத குச்சிக்கு முதலில் வேண்டியது உரம் அன்று, காற்றும் ஈரமும்தான். மணல் அதற்காகவே. மட்காத எருவைப் போட்டால் அதன் சூட்டில் அடி வெந்து அழுகும்.

குச்சியைக் கொண்டே மண்ணைக் குத்தாதீர்கள், அடித்தோல் உரிந்துவிடும். வேறொரு குச்சியால் துளையிட்டு, இரண்டு கணுக்கள் மண்ணுக்குள் இருக்குமாறு சற்றே சாய்த்து ஊன்றி, சுற்றிலும் விரலால் அழுத்துங்கள். உள்ளே வெற்றிடம் இருந்தால் வேர் வறண்டுவிடும். நட்டவுடன் பூவாளியால் நீர் தெளித்து, மரநிழலில் வையுங்கள். அஸருக்குப் பின் மண்ணைத் தொட்டுப் பார்த்து, ஈரம் குறைந்திருந்தால் மட்டும் தெளியுங்கள். வறண்ட காற்று வீசும் நாட்களில் பையின் மேல் ஒரு கண்ணாடித்தாள் உறையைக் கவிழ்த்தால் ஈரம் காக்கும். ஆனால் அப்போது வெயில் படவே கூடாது.

இரண்டு மூன்று வாரத்தில் துளிர் வரும். இங்கேதான் பலரும் ஏமாறுகின்றனர். துளிர் வந்தது வேர் வந்ததற்குச் சான்றாகாது. தண்டில் சேமித்த சத்தைக் கொண்டே முதல் துளிர் வரக்கூடும். அதை நம்பிப் பிடுங்கி நட்டால் மறுநாள் வாடிவிடும். ஆறு வாரமேனும் பொறுங்கள். பையின் அடித்துளையில் வெண்வேர் தெரிந்த பிறகு சிறிது சிறிதாக வெயிலுக்குப் பழக்கி, மூன்று மாதமானதும் நிலத்தில் நடுங்கள். பத்துக் குச்சி நட்டால் பத்தும் பிழைக்கும் என்று எண்ண வேண்டாம். கூடுதலாக நடுவதே அனுபவசாலிகளின் வழக்கம்.

குச்சி நடப் பொறுமையில்லாதவர்களுக்குப் பதியம் எளிது. தாழ்ந்து தொங்கும் கிளை ஒன்றை ஒடிக்காமல் வளைத்து, ஒரு கணுவின் கீழ்ப்புறத் தோலை இலேசாகக் கீறி, அந்த இடத்தை மண்ணில் புதைத்து மேலே ஒரு கல்லை வையுங்கள். நுனி வெளியே இருக்கட்டும். தாய்க்கொடி நீர் ஊட்டிக்கொண்டே இருப்பதால் வாடும் அச்சமில்லை. இரண்டு மூன்று மாதத்தில் வேர் பிடித்ததும் தாய்ப்பக்கம் வெட்டிப் பிரித்தெடுக்கலாம்.

நிலத்தில் நடும்போது ஒரு முழ ஆழ அகலத்தில் குழி எடுத்து, எருவும் மண்ணும் கலந்து நிரப்பி, நடுமிடத்தைத் தரையைவிட ஒரு சாண் உயரமான மேடாக ஆக்குங்கள். வெள்ளம் கற்றுத் தந்த பாடம் அது. நாளில் அரைப்பகுதியேனும் வெயில் விழும் இடமாக இருக்கட்டும். நிழலில் கொடி படரும், பூக்காது. இளம் இலைகள் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தால் இரும்புச் சத்துக் குறைவு. ஒரு லிட்டர் நீருக்கு 5 கிராம் அன்னபேதி கரைத்து இலைமேல் தெளியுங்கள். மேலும் ஐயமிருப்பின் புதுச்சேரி குரும்பாப்பேட்டில் உள்ள பெருந்தலைவர் காமராசர் வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகலாம்.

குச்சியே வாழ்வான ஊர்

இராமேசுவரம் தீவில் தங்கச்சிமடம் என்னும் ஊரைப் பலரும் அறிவீர்கள். அங்குள்ள மணற்பாங்கான நிலத்தில் மல்லிகைக் குச்சிகளை வேர் பிடிக்க வைத்துக் கன்றுகளாக விற்பது பல குடும்பங்களின் பிழைப்பு. தமிழகத்தின் பிற மாவட்டங்களுக்கும் பிற மாநிலங்களுக்கும் அங்கிருந்து கன்றுகள் போகின்றன. 2013ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லியின் தோட்டங்களிலும் அத்தீவின் கன்றுகள் வேரூன்றியுள்ளன. பூ விற்போரை நாம் அறிவோம். பூவுக்கு முன்னே குச்சி விற்றும் வாழலாம் என்பதை அவ்வூர் காட்டுகிறது. வீட்டை விட்டு வெளியே சென்று வேலை செய்ய இயலாத சகோதரிகள், கொல்லையின் நிழலில் ஐம்பது பைகள் வைத்துக்கூட இதைத் தொடங்கலாம்.

கன்றுகளால் வந்த விடுதலை

மார்க்க நூல்களைப் பயில்வோர் இவ்விடத்தில் இரண்டு செய்திகளை நினைவுகூரலாம். மறுமை நாள் வந்துவிட்டாலும், கையில் கன்று வைத்திருப்பவர் அதை நட முடியுமானால் நட்டுவிடட்டும் என்ற கருத்தில் அமைந்த நபிமொழி நாம் அடிக்கடி கேட்பது. அங்கே கன்று என்பதற்கு வரும் அரபுச் சொல் 'ஃபஸீலா'. அது விதையிலிருந்து முளைத்த கன்றைக் குறிப்பதன்று. தாய்ப் பேரீச்சையின் அடியிலிருந்து பிரித்தெடுத்த பக்கக் கன்று. அதாவது, ஒரு மரத்திலிருந்து பிரிந்து இன்னொரு மரமாகப் போவது.

மற்றொன்று ஸல்மான் ஃபார்ஸீ (ரலி) அவர்களின் வரலாறு. அடிமையாக இருந்த அவர்கள் விடுதலை பெற, நாற்பது ஊகிய்யா தங்கத்தோடு முந்நூறு பேரீச்சங்கன்றுகளையும் நட்டுத் தர வேண்டும் என்று எசமானர் நிபந்தனை விதித்தார். உங்கள் சகோதரருக்கு உதவுங்கள் என்று நபி (ஸல்) அவர்கள் தோழர்களிடம் கூற, ஒருவர் முப்பது, ஒருவர் இருபது, ஒருவர் பதினைந்து, ஒருவர் பத்து என அவரவர் வசதிக்கேற்பக் கன்றுகள் கொண்டுவந்தனர். நபியவர்கள் தம் கரத்தாலேயே அவற்றை நட்டார்கள் என்று முஸ்னது அஹ்மதில் காண்கிறோம். அந்தக் கன்றுகளைக் கொடுத்தவர்களின் தோட்டத்தில் எதுவும் குறைந்துவிடவில்லை. ஒரு மனிதர் சுதந்திரமானார்.

நாம் கொடுப்பது வெறும் பூங்கொடிதான். எனினும் இந்த ஆண்டுக் கவாத்தில் பத்துக் குச்சிகளைப் பைகளில் ஊன்றுங்கள். பிழைத்தவற்றில் ஒன்றை மேடான இடத்தில் நீங்கள் வைத்துக்கொண்டு, மற்றவற்றை வெவ்வேறு தெருக்களுக்குக் கொடுங்கள். ஒன்றை வேறு ஊரில் வாழும் உறவினருக்கு அனுப்புங்கள். புது வீடு புகுவோருக்கும், நிக்காஹ் முடிந்து கணவன் வீடு செல்லும் பெண்ணுக்கும் கொடுக்கலாம். அம்மா வீட்டு முல்லை மஃரிபு வேளையில் தன் வீட்டுப் பந்தலில் விரிவதைக் காணும் பெண்ணுக்கு அதைவிட நிறைவான சீர் எது? யார் யாருக்குக் கொடுத்தீர்கள் என்பதையும் குறித்து வையுங்கள். மீண்டும் ஒரு வெள்ளம் வந்தால் எந்த வாசலில் போய்க் கேட்பது என்று தெரிந்திருக்க வேண்டுமல்லவா?